மாடியில் சோலார் வைப்பது பற்றிச் சொல்லப்படுபவற்றில் எதை நம்புவது? (பெங்களூரு)

கேட்டவர்: ராமமூர்த்தி நகர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். ராமமூர்த்தி நகரில் 30-க்கு 40 மனையில் கட்டிய எங்கள் வீட்டில், கீழ்த்தளத்தில் என் கணவர் ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். முதல் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். அதற்கு மேலே இரண்டு சிறு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். கடைக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, குடித்தனக்காரர்களுக்கு இரண்டு என்று மாடிப்படிக்குக் கீழே நான்கு மீட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும், பன்னிரண்டு ஆண்டுகளாக உழைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரும், படிக்கட்டு அறையும் போக, ஏறக்குறைய 400 சதுர அடி காலியாகக் கிடக்கிறது.

சென்ற வாரம் ஒரு விற்பனையாளர் வந்து மாடியைப் பார்த்துவிட்டு, 5 கிலோவாட் வைத்தால் நான்கு மீட்டருக்கும் சேர்த்துக் கட்டணமே வராது என்றும், அரசு மானியம் 78,000 ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினால் போதும் என்றும் சொல்லிச் சென்றார். அன்று முதல் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. வேலூரில் இருக்கும் என் அண்ணன், பெங்களூரில் வெயிலே குறைவு, அங்கே எதற்குச் சோலார் என்கிறார். மாமியார், மாடியில் துளை போட்டால் முதல் மழையிலேயே ஒழுகும் என்கிறார். மேல் வீட்டில் குடியிருப்பவர், கரண்ட் போனாலும் இனி நமக்குக் கவலையில்லை, லிஃப்ட் மட்டும்தான் பாக்கி என்று மகிழ்ச்சியாக இருக்கிறார். என் கணவரோ, ஐந்தாறு ஆண்டுகளில் தகடு செத்துவிடும், அதற்குப் பிறகு பழைய இரும்புக்காரரிடம்தான் போட வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

எங்கள் வீட்டு மீட்டரில் மாதம் 160 முதல் 175 யூனிட் வரை ஓடுகிறது. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் பதிவு செய்திருப்பதால் பில் பூஜ்யமாகத்தான் வருகிறது. குடித்தனக்காரர்களுக்கும் அப்படியே. கடையில் இரண்டு ஜெராக்ஸ் இயந்திரங்களும் ஒரு ஏசியும் ஓடுவதால் 400 யூனிட் வரை போகிறது. இந்த நிலையில் சோலார் வைப்பது புத்திசாலித்தனமா, வைப்பதென்றால் எவ்வளவு வைப்பது என்று, சொந்தமாக வைத்துப் பார்த்தவர்களோ இந்தத் தொழிலை அறிந்தவர்களோ சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கே.ஆர்.புரம் மின்பணியாளர்

வணக்கம் அம்மா. நான் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வயரிங் வேலை எடுத்துச் செய்பவன். சோலார் விற்பவன் அல்லன். இருந்தாலும், மற்றவர்கள் வைத்துவிட்டுப் போன சோலாரைச் சரிசெய்யக் கூப்பிடும் வீடுகளுக்கு வாரம் ஒரு முறையாவது போகிறேன்.

உங்கள் கேள்வியிலேயே விடையில் பாதி இருக்கிறது. உங்கள் வீட்டு பில் ஏற்கெனவே பூஜ்யம், குடித்தனக்காரர்களுக்கும் பூஜ்யம். பூஜ்யத்தை இதற்கு மேல் எப்படிக் குறைப்பது? காசு போவது கடை மீட்டரில்தான். ஆனால் விற்பனையாளர் சொன்ன 78,000 ரூபாய், 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்பு இணைப்புக்கு மட்டும் கிடைப்பது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, அதற்கு மேல் எத்தனை வைத்தாலும் அதே 78,000-தான். கடை இணைப்புக்கு இந்த மானியம் இல்லை. மேலும், மானியத்தை விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதையும் கவனமாகக் கேட்க வேண்டும். முறைப்படி, தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவுபெற்ற விற்பனையாளர் வேலையை முடித்து, நம் ஊர் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் சோதித்து மீட்டர் மாட்டிய பிறகே, மானியம் நுகர்வோரின் வங்கிக் கணக்கில் நேராக வந்து விழும். தகட்டுக்குள் மின்சாரத்தை உண்டாக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளிநாட்டு செல்லில் செய்த மலிவான தகட்டை மாட்டிவிட்டு மானியத்துக்காகக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்கு மீட்டருக்கும் சேர்த்து என்பது அடுத்த பிழை. மாடியில் வைக்கும் சோலார், சாதாரண முறையில், தன்னோடு இணைத்த ஒரு மீட்டரின் கணக்கில்தான் யூனிட்டைக் குறைக்கும். மாடி உங்களுடையது என்பதால் குடித்தனக்காரரின் மீட்டர் தானாகக் குறைந்துவிடாது. வீட்டு மீட்டரில் மானியத்தோடு வைத்துவிட்டு, கீழே கடைக்கு ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது காதில் ஓதினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வீட்டுக் கட்டண இணைப்பிலிருந்து கடைக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம். சோதனைக்கு வந்தவர் பார்த்தால் பின்கட்டணமும் அபராதமும் சேர்ந்து வரும்.

உங்கள் மேல் வீட்டுக்காரரின் மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு வருந்துகிறேன். பேட்டரி இல்லாத சாதாரண சோலார், தெருவில் கரண்ட் போனால் நல்ல உச்சி வெயிலிலும் நின்றுவிடும். இது கோளாறில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கைவைக்கும் லைன்மேன் மீது உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக, தெரு மின்சாரம் நின்ற அந்த நொடியே, தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்கிறது. கரண்ட் போன நேரத்திலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதன் செலவு வேறு, பேட்டரியை மாற்றும் கணக்கும் வேறு. இதே குழப்பத்தின் இன்னொரு வடிவம், பகலில் மிஞ்சிய மின்சாரத்தை பெஸ்காம் நமக்காகச் சேர்த்துவைத்து இரவில் திருப்பித் தருகிறது என்ற எண்ணம். எங்கும் எதுவும் சேர்வதில்லை. நீங்கள் அனுப்பியது பக்கத்து வீட்டு மிக்சியில் அப்போதே செலவாகிவிடும்; மீட்டர் அதைக் கணக்கில் மட்டும் வரவு வைக்கிறது.

வேலூர் அண்ணனுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். வாட்டர் ஹீட்டரையும் மின்தகட்டையும் நம் ஆட்கள் ஒன்றாகவே நினைக்கிறார்கள், இரண்டுக்கும் சோலார் என்றே பெயர் இருப்பதால். ஹீட்டருக்கு வெப்பம் வேண்டும். மின்தகட்டுக்கு வெளிச்சம்தான் வேண்டும். வெப்பம் அதற்குப் பகை. தகட்டின் மீது எழுதியிருக்கும் வாட், தகடு 25 டிகிரியில் இருக்கும்போது தரும் அளவு. மொட்டை மாடியில் அது 60 டிகிரிக்குப் போனால், டிகிரிக்கு ஏறக்குறைய 0.35 சதவீதம் வீதம் 12 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே வெயில் கொளுத்தும் ஊரில் அதிக மின்சாரம் என்று சொல்ல முடியாது. மிதமான சூடும் தெளிந்த வானமுமாக இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெங்களூரில் தகடுகள் நன்றாகவே உழைக்கின்றன. ஜூன் முதல் மேகமூட்டத்தில் குறையும், நின்றுவிடாது. ஆண்டு முழுவதற்கும் சராசரி போட்டால், கிலோவாட் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 5, 6 யூனிட் என்று எழுதித் தருபவர் கோடைக்காலத்து நல்ல நாள் ஒன்றை ஆண்டு முழுவதும் நீட்டியிருக்கிறார்.

அந்தக் கணக்கில் 3 கிலோவாட் உங்களுக்கு மாதம் 360 யூனிட் தரும். கடையின் 400-க்கு அது சரியான அளவு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும் என்பதால், உங்கள் 400 சதுர அடியில் 5 கிலோவாட் எப்படி அடங்கும் என்று அந்த விற்பனையாளரிடமே கேட்டுப் பாருங்கள். வாட்டர் ஹீட்டரைக் கழற்றச் சொல்லுவார் என்று நினைக்கிறேன். கழற்றாதீர்கள். வெந்நீருக்கு அதைவிட நல்ல பொருள் இன்னும் வரவில்லை.

பதில் 2: பீன்யா பட்டறைக்காரர்

மேலே எழுதிய மின்பணியாளரின் கருத்தை அப்படியே ஏற்கிறேன். கடை மீட்டரில் வைப்பது என்று முடிவெடுத்தால், வியாபாரத்துக்கு வைப்பவர்கள் ஏமாறும் இடங்கள் சில உண்டு. நான் பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கூரையில் 20 கிலோவாட் வைத்தபோது அவற்றில் பெரும்பாலானவற்றில் நானே விழுந்து எழுந்தேன்.

முதலில், பில் பூஜ்யமாகும் என்ற பேச்சு. பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஓடிய யூனிட்டுக்கான கட்டணம் ஒன்று. அனுமதி பெற்ற மின்சுமைக்காக, ஒரு யூனிட்கூட ஓடாவிட்டாலும் மாதந்தோறும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் மற்றொன்று. சோலார் முதலாவதைத்தான் தொடும். வைத்த முதல் மாதம் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் விற்பனையாளரோடு போட்ட சண்டையெல்லாம் வீண். அவர் சொல்லாமல் விட்டதும், நான் படிக்காமல் விட்டதும் பில்லின் முன்பக்கத்திலேயே இருந்தன. இன்னொன்று, சோலாரின் அளவுக்கு ஏற்ப மின்சுமையை உயர்த்த வேண்டி வந்தால் நிலைக்கட்டணமும் அதோடு உயரும். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களைத் தொழில்நுட்ப ஆய்வில்லாமலே ஏற்று, தேவையான சுமை உயர்வையும் மின் நிறுவனமே செய்துகொள்ள வேண்டும் என்று 2024-இல் மத்திய விதி திருத்தப்பட்டிருக்கிறது. வசதிதான். ஆனால் உயர்ந்த சுமைக்கு மாதந்தோறும் பணம் கட்டப்போவது நாம்தான். உங்கள் கடைக்கு இப்போது எத்தனை கிலோவாட் அனுமதி என்று பில்லில் பாருங்கள்.

அடுத்தது வருமான வரி. முதல் ஆண்டே 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், பாதிக் காசு வரியில் திரும்பிவிடும் என்று எல்லா விற்பனையாளர்களும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். வீதம் உண்மைதான். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் முதல் ஆண்டில் பாதி, அதாவது 20 சதவீதம்தான். அதைவிட முக்கியமாக, சிறு வியாபாரிகளில் பலர் விற்றுமுதலில் இத்தனை சதவீதம் இலாபம் என்று உத்தேசமாகக் காட்டும் முறையில்தான் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். அந்த முறையில் இருப்பவருக்குத் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க வழியே இல்லை. ஜெராக்ஸ் கடைக்கு எந்த முறையில் தாக்கல் செய்கிறீர்கள் என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு அந்த 40 சதவீதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பதென்றாலும், மிச்சமாவது அந்தத் தொகைக்கான வரி மட்டுமே. தொகையே திரும்பி வராது.

மூன்றாவது, எனக்கு நேர்ந்த ஒரு விசித்திரம். வைத்த புதிதில், பதினோரு மணிக்கு மேல் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடியது; சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் மோசம். தகடு சரியில்லை என்று நான் சொல்ல, பெஸ்காம் லைன் சரியில்லை என்று நிறுவியவர் சொல்ல, இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் வேறொரு மின்பணியாளர் வந்து, கூரையிலிருந்து மெயின் பலகைக்கு இறக்கிய 60 மீட்டர் கேபிளைக் கையால் தடவிப் பார்த்தார். சூடாக இருந்தது. வயர் மெலிந்தது, அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும்போது இன்வெர்ட்டர் முனையில் வோல்டேஜ் ஏறி, அனுமதித்த அளவைத் தாண்டியதும் அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கிறது. தடித்த கேபிளை மாற்றிய அன்றே சரியாயிற்று. விலைப்பட்டியலில் எல்லாரும் தகட்டின் பெயரைத்தான் பார்க்கிறோம். கேபிளின் தடிமன் என்ன, நேர்மின்னோட்டப் (டிசி) பக்கத்துக்கும் மாறுமின்னோட்டப் (ஏசி) பக்கத்துக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனியே எர்த் போடுகிறார்களா என்பவை பட்டியலின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும். காசு குறைக்கிறவர்கள் கை வைப்பது அங்கேதான்.

உங்கள் கணவரின் கவலைக்கும் ஒரு சொல். தகடு ஐந்தாறு ஆண்டில் சாவதில்லை. 25 ஆண்டின் முடிவிலும் 80 சதவீதத்துக்குக் குறையாமல் தரும் என்றே உத்தரவாதம் எழுதுகிறார்கள். அதற்குள் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வருவது இன்வெர்ட்டர். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கேட்டவர்: ராமமூர்த்தி நகர் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. பில்லை எடுத்துப் பார்த்தேன். கடைக்கு 3 கிலோவாட் அனுமதி என்று இருக்கிறது. வருமான வரிக் கணக்கை நீங்கள் சொன்ன உத்தேச முறையில்தான் தாக்கல் செய்கிறோம் என்று என் கணவர் சற்றுக் குறுகிய குரலில் ஒப்புக்கொண்டார். ஆகவே 40 சதவீதத்தை மறந்துவிட்டோம். மாமியாரின் ஒழுகல் கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. தொட்டியின் நிழல் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். எட்டடி உயர மேடைமேல் தொட்டி, காலி இடத்துக்குத் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது.

பதில் 3: அல்சூர்வாசி, பணி ஓய்வு பெற்றவர்

சகோதரிக்கு வணக்கம். மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். தகடுகளின் கனம் மாடிக்கு ஒரு பொருட்டே இல்லை. 540 வாட் தகடு ஒன்று 28 கிலோ அளவில், இரண்டரைச் சதுர மீட்டருக்கு மேல் பரந்து கிடப்பது. நம் மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி, நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டுமே ஒரு டன். தகட்டை மேலே தூக்கும் காற்றுதான் உண்மையான பகை. அதற்காகத் தகட்டைத் தாங்கும் சட்டத்தை இறுக்கிப் பிடித்தாக வேண்டும். பிடிக்கும் இடத்தில் தளத்தைத் துளைத்தால், போட்ட நீர்க்காப்புப் பூச்சு கிழியும். எங்கள் வீட்டில் துளையே போடாமல், தளத்தின்மேல் கான்கிரீட் கட்டைகள் வார்த்து, அவற்றுக்குள் கால்களைப் பதித்தார்கள். ஏழு மழைக்காலங்கள் போய்விட்டன, ஒழுகவில்லை. ஆனால் கட்டைகளை நீரோட்டத்துக்குக் குறுக்கே வைத்துவிட்டதால் முதல் ஆண்டு தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்தது. உங்கள் மாடியில் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது என்று ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டுக் கட்டைக்கு இடம் குறியுங்கள்.

நிழலுக்கு வருகிறேன். சற்று நிழல்தானே என்று விற்பவர் சொல்லுவார். ஒரு தகட்டில் நிழல் விழுந்தால் எல்லாமே நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறவரும் உண்டு. இரண்டும் மிகை. ஒவ்வொரு தகட்டின் பின்னாலும் உள்ள சிறு பெட்டியில் பொதுவாக மூன்று டையோடுகள் இருக்கின்றன. நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிட்டு மின்சாரம் சுற்றிப் போக அவை வழி செய்கின்றன. ஆகவே கையகல நிழல், கையகல இழப்போடு நிற்காது. அந்தத் தகட்டில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். எப்போதாவது பறந்துபோகும் காக்கையின் நிழலைப் பற்றிக் கவலையில்லை. தினமும் ஒரே நேரத்தில் ஒரே தகட்டில் வந்து உட்காரும் தொட்டியின் நிழலைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

நம் ஊரில் இதைப் பார்ப்பதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெங்களூரு 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழலே விழாது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் நண்பகல் நிழல் தெற்கே சாயும். இந்தக் காலத்தில் மாடியைப் பார்க்க வரும் விற்பனையாளர், நிழல் தொல்லையே இல்லை என்று மனமறிந்த பொய்யில்லாமலேயே சொல்லிவிடுவார். டிசம்பரில்தான் விஷயம் தெரியும். அப்போது எட்டடி மேடைக்கு நண்பகலிலேயே ஆறடி நிழல் வடக்கே நீளும். காலை ஒன்பது மணிக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வடமேற்காகப் படுத்துக் கிடக்கும். மேடைமேல் இருக்கும் தொட்டியின் உயரத்தையும் சேர்த்தால் இன்னும் நீளம். உங்கள் தொட்டி தென்கிழக்கில் இருப்பதால், குளிர்காலக் காலை முழுவதும் அந்த நிழல் நேராகக் காலி இடத்துக்குள்தான் விழும். நான் டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிறன்று, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கு மாடி ஏறி, நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடிட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே தகடு வைக்கச் சொன்னேன். வந்தவர் ஒரு தகடு குறைகிறதே என்று முகம் சுளித்தார். குறையட்டும் என்று விட்டேன்.

தெற்கே காலி மனையோ ஒரு மாடி வீடோ இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். இந்த ஊரில் எந்த வீடும் இருந்த உயரத்தில் இருந்துவிடுவதில்லை.

பராமரிப்பே வேண்டாம், மழையே கழுவிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழையில்லாத நாட்களில் சாலைத் தூசி மாவு போலப் படியும். போர் தண்ணீரில் கழுவாதீர்கள். காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூத்து, பிறகு சுரண்டினாலும் போகாது. முதல் ஆண்டு நான் அப்படிச் செய்து, கீழ் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒரு வாளி, மென்மையான துடைப்பான், வெயில் ஏறுவதற்கு முன் காலை ஆறரை மணி, இவ்வளவு போதும். சூடேறிய கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

கேட்டவர்: ராமமூர்த்தி நகர் வாசகி

ஐயாவுக்கு நன்றி. உங்கள் பதிலைப் படித்த மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சாக்பீஸோடு மாடி ஏறினேன். தொட்டியின் நிழல் காலி இடத்தில் ஏறக்குறைய கால்பங்கைப் பிடித்திருந்தது. இது டிசம்பரும் இல்லை. தொட்டியைப் படிக்கட்டு அறையின் கூரைக்கு மாற்ற முடியுமா என்று கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறோம். அந்தக் கூரை வடக்கு ஓரத்தில் இருக்கிறது. மாற்ற முடிந்தால் கடை மீட்டரில் 3 கிலோவாட், முடியாவிட்டால் 2 கிலோவாட் என்று முடிவு செய்திருக்கிறோம். கடை இணைப்புக்கான நெட் மீட்டர் (அனுப்பிய யூனிட்டையும் எடுத்த யூனிட்டையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டர்) நிபந்தனைகளையும், மிஞ்சும் யூனிட்டுக்கு என்ன விலை தருவார்கள் என்பதையும் பெஸ்காம் துணைக்கோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு மனு கொடுத்துவிட்டு வந்தார் என் கணவர்.

தெற்குப் பக்கத்து வீட்டின் மொட்டை மாடியில், தூண்களின் கம்பிகள் நான்கடி நீட்டிக்கொண்டு நிற்பதை இத்தனை நாளாக நான் கவனித்ததே இல்லை. இன்று மாலை அந்த வீட்டு அம்மாவிடம் போய், எப்போது மேலே கட்டப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.